மதில் ஏற முடியாத பையன்

அந்தக் குண்டுப் பையனால் பயிற்சிக் களத்துச் சுவரை ஏறித் தாண்டவே முடியவில்லை. திரும்பத் திரும்ப முயல்கிறான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இன்று 'அனாபொலிஸ்' பார்த்தேன். 2006-ல் வந்த படம். மனதில் தங்கியது இவன் மட்டும்தான். ஆனால் இவன் நாயகன் இல்லை, நாயகனின் அறைத்தோழன்.

நாயகன் ஜேம்ஸ் ஃபிராங்கோ. கப்பல் கட்டும் தளத்துத் தொழிலாளி. ஆற்றுக்கு அக்கரையில் அமெரிக்கக் கடற்படை அகாதமி. அதில் சேர்கிறான். மகனால் அங்கே தாக்குப்பிடிக்க முடியும் என்று அப்பாவுக்கே நம்பிக்கை இல்லை.

எவ்வளவு நல்ல முடிச்சு! அந்த அப்பாவோடு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார விட்டிருக்கலாம். படமோ குத்துச்சண்டை மேடைக்கு ஓடுகிறது. புது மாணவர்களை வாட்டும் கடுகடுப்பான மேலதிகாரியாக டைரீஸ் கிப்சன் வந்து நின்றதுமே கடைசிச் சண்டை யாரோடு என்று தெரிந்துவிடுகிறது.

நிஜ அகாதமியில் முதலாண்டு மாணவர்களுக்குக் குத்துச்சண்டை கட்டாயப் பாடம். முகத்தில் அடி விழும்போதும் நிதானம் தவறாமல் யோசிக்கப் பழக வேண்டும். நாளைக்கு ஒரு கப்பலே அவர்கள் பொறுப்பில் இருக்கும் அல்லவா? இந்த விஷயத்துக்குள் படம் போகவே இல்லை. அடி, வியர்வை, பழிவாங்கல், அவ்வளவுதான்.

இயக்குநர் ஜஸ்டின் லின் என்பதுதான் கூடுதல் வருத்தம். 'பெட்டர் லக் டுமாரோ' எடுத்தவர். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் தடம் மாறுவதை அவ்வளவு நெருக்கமாகக் காட்டியவர். அந்தக் கண்ணால் இந்த அறைத்தோழனைப் பார்த்திருந்தால், அவனையே நாயகனாக்கியிருப்பார்.