முப்பது மடங்கு என்றார்கள்

என் பவளத் தொட்டி, அதாவது உயிருள்ள பவளங்களையும் மீனையும் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி, 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம். கணக்குப் போட்டால் 65 லிட்டர் வரும். மணலையும் கல்லையும் போட்டு, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே தண்ணீரை நிறுத்தினால் உள்ளே நிற்பது 50 லிட்டர்தான். இந்த 50 லிட்டரைக் கலக்கிவிட எந்தப் பம்ப் வாங்குவது என்று நான் மண்டையைக் குடைந்துகொண்ட நாட்களை எண்ணிச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது ஒரு சாதாரண பவர்ஹெட், தண்ணீருக்குள்ளேயே மாட்டும் சின்னப் பம்ப். பெட்டியில் மணிக்கு 1200 லிட்டர் என்று போட்டிருந்தது. இந்தப் பொழுதுபோக்கில் எல்லோரும் ஒப்பிக்கும் வாய்ப்பாடு ஒன்று உண்டு: தொட்டியில் இருக்கும் தண்ணீரைப் போல மணிக்கு இத்தனை மடங்கு ஓட வேண்டும் என்பது. காளான் பவளம், லெதர், சோவாந்தஸ் மாதிரி மென்பவளங்களுக்குப் பத்திலிருந்து இருபது மடங்கு. ஹேமர், டார்ச் மாதிரி பெரிய பாலிப் (வாயும் கொடுக்குகளும் கொண்ட ஒவ்வொரு தனிப் பவள உயிர்) பவளங்களுக்கு இருபதிலிருந்து முப்பது. அக்ரோபோரா மாதிரி கிளைவிடும் சின்னப் பாலிப் வகைகளுக்கு முப்பதுக்கு மேல், ஐம்பது வரைகூட. என்னிடம் இருந்தது ஒரு டார்ச், இரண்டு காளான், ஒரு கொத்து சோவாந்தஸ். 1200-ஐ 50-ஆல் வகுத்தால் 24. அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் என் மகள் தொட்டி முன்னால் உட்கார்ந்து கேட்டாள்: "இந்தப் பூ மட்டும் ஏம்ப்பா எப்பவும் அந்தப் பக்கமே சாஞ்சிருக்கு?"

டார்ச்சைத்தான் சொன்னாள். விரல் நீளக் கொடுக்குகள், நுனியில் பச்சைக் குமிழ். தானாக அசையும்போது பார்க்க வேண்டும், அவ்வளவு அழகு. அன்று அது அசையவில்லை. காற்றில் சீவிவிட்ட முடி போல எல்லாக் கொடுக்கும் வலது பக்கமே படிந்து நடுங்கிக்கொண்டிருந்தது. நான், "நல்லா ஓட்டம் இருக்கு, அதான்" என்று பெருமையாகச் சொன்னேன். பத்து நாள் கழித்து, பம்ப் பார்த்த பக்கத்தில் சதை கீழே இறங்கி, உள்ளிருந்த சுண்ணாம்புக் கூடு சீப்புப் பல் மாதிரி வெள்ளையாக வெளியே தெரிந்தது. டார்ச்சின் கூட்டு விளிம்பில் கத்தி போன்ற தகடுகள் உண்டு. ஒரே திசையில் நாள் முழுக்கத் தண்ணீர் அடித்தால், சதை தன் எலும்பிலேயே உரசி உரசிக் கிழியும். 24 மடங்கு என்ற எண் சரி, ஆனால் தப்பான இடத்தில் சரி.

அப்புறம்தான் ஒரு காகிதத்தை எடுத்து உட்கார்ந்தேன். மணிக்கு 1200 லிட்டர் என்றால் வினாடிக்கு 333 மில்லி. அந்தப் பவர்ஹெட்டின் வாய் ஒன்றரை செ.மீ. விட்டம், அதாவது பரப்பு 1.8 சதுர செ.மீ.க்குள். வகுத்தால் வாயிலிருந்து தண்ணீர் வினாடிக்குச் சுமார் 190 செ.மீ. வேகத்தில் வெளியேறுகிறது. தோட்டக் குழாயில் விரலை வைத்து அடைத்தால் பீய்ச்சுமே, அதுதான். இப்படிக் குறுகிய வாயிலிருந்து வரும் பீய்ச்சல், வாயின் விட்டத்தைப் போல ஆறு மடங்கு தூரம் வரை நடுவில் வேகம் தளராது. அதற்கு மேல் தூரம் இரட்டிக்க இரட்டிக்க வேகம் பாதியாகும். என் டார்ச் 20 செ.மீ. தூரத்தில் இருந்தது. அங்கே இன்னும் வினாடிக்கு 80 செ.மீ.க்கு மேல் மிச்சம். இதே பம்ப்பை ஒன்றரை மீட்டர் தொட்டியில் மாட்டியிருந்தால் எதிர்க் கண்ணாடிக்குப் போய்ச் சேரும்போது 11 செ.மீ. ஆகிச் சாதுவாகியிருக்கும். சின்னத் தொட்டியில் அதற்கு இடம் இல்லை. தண்ணீருக்கு ஆற அவகாசம் கிடைப்பதற்குள் பவளம் வந்துவிடுகிறது.

இப்போது என்னிடம் இருப்பது காற்றாடி வைத்த வேவ்மேக்கர், அகன்ற வாயால் தண்ணீரைத் தள்ளும் பம்ப். வாய் 5 செ.மீ. முழு வேகத்தில் மணிக்கு 1600 லிட்டர், அதாவது 32 மடங்கு. பழையதைவிட அதிகம். ஆனால் அதே கணக்கைப் போட்டால் வாயில் வேகம் வினாடிக்கு 23 செ.மீ.தான். கூடுதல் தண்ணீர், எட்டில் ஒரு பங்கு வேகம். பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை வைத்து இந்த இரண்டையும் ஒப்பிட்டால் யாருமே தப்பாகத்தான் எடுப்பார்கள். சின்னத் தொட்டிக்கு யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் கேட்பது லிட்டரை அல்ல, "வாய் எவ்வளவு அகலம்?" என்பதைத்தான். அடுத்தது, வேகத்தைக் குறைக்க முடியுமா என்பது. டிசி மோட்டார் வைத்தவற்றில் முடியும். பழைய ஏசி பவர்ஹெட்களில் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும், அவ்வளவுதான்.

இவ்வளவு எதற்கு, தண்ணீரைச் சும்மா விட்டால் என்ன என்று கேட்கலாம். மீனுக்குச் செவுள் இருக்கிறது, வாயைத் திறந்து மூடித் தண்ணீரை உள்ளே இழுக்கும். பவளத்துக்கு அப்படி எதுவும் இல்லை. அதன் தோலை ஒட்டி எப்போதும் ஓர் அசையாத நீர்ப்படலம் உண்டு. மூச்சுக்காற்றும் நீரில் கரைந்த சத்தும் உள்ளே வருவதும் கழிவு வெளியே போவதும் அந்தப் படலத்தைத் தாண்டி ஊறித்தான். வெளியே ஓட்டம் இருந்தால் படலம் மெலியும், இல்லாவிட்டால் தடிக்கும். பகலில் சதைக்குள் குடியிருக்கும் பாசி வெளிச்சத்தில் ஆக்சிஜனைத் தயாரித்துத் தள்ளும், தேங்கிய நீரில் அது தோல் மேலேயே மிதமிஞ்சி நிற்கும். விளக்கு அணைந்ததும் நிலைமை தலைகீழ், மூச்சுத் திணறல். 1998-இல் கடல் சூடாகி உலகம் முழுக்கப் பவளங்கள் வெளுத்ததைத் தொடர்ந்து, அதற்கு விளக்கம் தேடி ஒகினாவாவில் அக்ரோபோராவை வைத்து ஒரு சோதனை நடந்தது, 2001-இல் வெளியானது. ஒரே வெயில், ஒரே சூடு. வினாடிக்கு இரண்டு மூன்று செ.மீ. மட்டும் ஓடிய நீரில் இருந்தவைதான் அதிகம் செத்தன. 50 செ.மீ.க்கு மேல் ஓடிய நீரில் இருந்தவை தாக்குப் பிடித்தன. இதைப் படித்த பிறகு வெயில் காலத்தில் நான் பம்ப்பைக் குறைப்பதில்லை.

ஆனால் அக்ரோபோரா தாங்கும் 50 செ.மீ.யை என் டார்ச் தாங்காது. ஒரே தொட்டிக்குள் இரண்டு மூன்று விதமான ஓட்டம் வேண்டும், அதுவும் 60 செ.மீ. நீளத்துக்குள். பம்ப்பை எங்கே வைப்பது, எதைப் பார்த்துத் திருப்புவது என்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. நான் பின்பக்க இடது மூலையில், மேற்பரப்பிலிருந்து நான்கு விரல் கீழே மாட்டி, வாயை முன் கண்ணாடியைப் பார்க்கச் சாய்த்து வைத்திருக்கிறேன். தண்ணீர் கண்ணாடியில் மோதி உடைந்து, பாதி மேலே போய் நீர்ப்பரப்பில் சின்னச் சுருக்கங்களைக் கிளப்புகிறது, பாதி தரையோரம் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போகிறது. எந்தப் பவளத்தின் மேலும் நேரடியாக அடிப்பதில்லை. மேற்பரப்பில் சுருக்கம் விழவில்லை என்றால் இரண்டே நாளில் எண்ணெய் படிந்தது போல ஒரு ஏடு கட்டும். இரவில் மீன்கள் வேகமாக மூச்சு வாங்குவதையும் பார்க்கலாம்.

ஓட்டத்தைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதுதான் இதில் பெரிய தொல்லை. நான் செய்வது இது: மீனுக்குப் போடும் தூள் தீனியில் ஒரு சிட்டிகையைத் தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, சொட்டுக்குழாயால் பம்ப்புக்கு முன்னால் விட்டுவிட்டு, கைப்பேசியில் வீடியோ எடுப்பேன். ஒரு துகள் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மூன்று வினாடியில் போனால் வினாடிக்கு 20 செ.மீ. அதைவிட முக்கியமானது, துகள்கள் எங்கே போய் உட்கார்ந்து எழுந்திருக்க மறுக்கின்றன என்பது. என் தொட்டியில் அது கல்லுக்குப் பின்னால். அங்கே மண்டி சேர்ந்து, மணல் மேல் சிவந்த வெல்வெட் துணி விரித்தது போலச் சயனோ (பாசி போலப் படரும் சயனோபாக்டீரியா) படர்ந்தது. உடனே இரண்டாவது பம்ப் வாங்கக் கிளம்பினேன். நல்ல வேளை, அதற்கு முன்னால் கல்லடுக்கைப் பின் கண்ணாடியிலிருந்து நான்கு செ.மீ. முன்னுக்கு இழுத்துப் பார்த்தேன். மண்டி சேர்வது நின்றது. அதோடு சயனோ ஒரே நாளில் போய்விட்டதா என்றால் இல்லை, தீனியையும் குறைக்க வேண்டியிருந்தது. ஆனாலும் சொல்கிறேன், பம்ப்பை மாற்றுவதற்கு முன் கல்லை நகர்த்துங்கள். காசு ஆகாது.

மணலைப் பற்றி ஒரு வரி. சர்க்கரை போலப் பொடியாக இருந்தால் சின்னத் தொட்டியில் பள்ளம் விழுந்துகொண்டே இருக்கும். ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் மணிகள் உட்கார்ந்த இடத்தில் இருக்கும்.

கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்த பம்ப் வந்ததும் எனக்குச் சின்னப் பிள்ளைப் புத்தி வந்துவிட்டது. அலை அலையாகத் தட்டிவிடும் வசதி ஒன்று அதில் உண்டு. எவ்வளவுக்கு ஒரு தடவை தட்டுவது என்று நாமே திருகி வைக்கலாம். 60 செ.மீ. தொட்டியில், 30 செ.மீ. ஆழத் தண்ணீர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஆடித் திரும்ப ஏறத்தாழ 0.9 வினாடி ஆகும். இது அப்போது எனக்குத் தெரியாது, திருகிக்கொண்டே வந்தேன். சரியாக அந்த இடம் வந்ததும் ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளியது போலத் தொட்டி முழுக்க ஆடத் தொடங்கிற்று. ஒரு பக்கம் ஏற, மறுபக்கம் இறங்க. பவளமெல்லாம் கடலில் போல இப்படியும் அப்படியும் சாய்ந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே வலது விளிம்பைத் தாண்டி உப்புத் தண்ணீர் கொட்டி, கீழே மின்பலகைக்கு ஒரு சாண் தள்ளித் தேங்கியது. கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிகானுக்கும் அது நல்லதல்ல. இப்போது சில நொடிகளுக்கு ஒரு தடவை ஏறி இறங்கும்படி, தாறுமாறாக வைத்திருக்கிறேன். மின்பலகையைச் சுவரில் ஏற்றிவிட்டேன்.

சோவாந்தஸ் எதற்கும் குறை சொல்வதில்லை. பிறகு சேர்ந்த லெதர் பவளம் அவ்வப்போது மெழுகுத் தோலை உரிக்கும், அந்தச் சமயத்தில் ஓட்டம் போதாவிட்டால் உரிந்த தோல் அதன் மேலேயே ஒட்டி அழுகும். அதனால் அதை மேல் அடுக்கில் வைத்தேன். காளான்களில் ஒன்று தனக்குப் பிடிக்காமல் கல்லைவிட்டுக் கழன்று காணாமல் போனது. நான்கு மாதம் கழித்து, கல்லின் அடிப்பக்கம், எந்த ஓட்டமும் எட்டாத ஒரு பொந்தில் அகப்பட்டது. நான் வைத்த இடத்தில் இருந்ததைவிட இரண்டு மடங்கு பெருத்து, பக்கத்தில் குட்டி ஒன்றும் போட்டிருந்தது. கடல் சாமந்தி வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அது வைத்த இடத்தில் இருக்காது, நடக்கும். நடந்து போய்ப் பம்ப் காற்றாடியில் மாட்டினால் தொட்டியே கூழாகிவிடும். நான் வைக்கவில்லை.

டார்ச் பிழைத்தது. ஓட்டம் பிடிபட்டதும் சதை மெதுவாகக் கூட்டின் விளிம்பைப் பிடித்து ஏறியது, ஏழெட்டு மாதம் ஆனது. இப்போது கொடுக்குகள் ஒரு திசையில் படுப்பதில்லை, இப்படி நான்கு, அப்படி நான்கு என்று அலைகின்றன. ஒவ்வொரு கொடுக்கின் அடியும் தெரியாமல் உப்பியிருந்தால் போதும், நான் வேறு எந்த அளவையும் பார்ப்பதில்லை.

பம்ப்புகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றாடியிலும் கூண்டிலும் ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி ஏறிக்கொண்டே வரும், ஓட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். தினமும் பார்ப்பவனுக்குத் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கழற்றி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் பாதிப் பாதியாகக் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்ப்பேன். இன்று காலையும் செய்தேன். தேய்த்து மாட்டியதும் பம்ப்புக்குப் புது உயிர் வந்து, பழைய அளவிலேயே மணலைக் கிளப்பிவிட்டது. டார்ச் கோபித்துக்கொண்டு பாதியாகச் சுருங்கியிருக்கிறது. மகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் இரண்டு படி குறைத்து வைக்க வேண்டும்.