முதலைக்கு ஓணானை விட கோழிதான் நெருங்கின சொந்தம்

முதலை, ஓணான், கோழி மூணையும் வெச்சு யாருக்கு யாரு நெருக்கம்னு கேட்டா யோசிக்காம முதலையையும் ஓணானையும் ஜோடி சேத்துடுவோம், பாத்தா அப்படித்தானே இருக்கு. ஆனா பரிணாம மரத்துல முதலை கோழி பக்கம்தான் உக்காந்திருக்கு. இந்த ஒரு கேஸ் புரிஞ்சா ஃபைலோஜெனில, அதாவது எந்த உயிரினம் எதுக்கு எவ்ளோ நெருங்கின சொந்தம்னு பாக்குற துறையில வர்ற பாதி வார்த்தை தானா புரிஞ்சிடும், அதான் இதையே எடுத்துக்கிட்டேன்.

மரத்தோட நுனியில இருக்குறது இனங்கள். ரெண்டு கிளை பிரியுற இடம் நோட், அதாவது ஒரு காலத்துல நிஜமா உயிரோட இருந்த மூதாதைக் கூட்டம். எல்லாத்துக்கும் அடியில இருக்குறது ரூட். சொந்தம் பாக்கணும்னா ரெண்டு நுனியில இருந்தும் கீழ இறங்கி வந்து எந்த நோட்ல சந்திக்குதுன்னு பாக்கணும், அவ்ளோதான். கூடப்பொறந்தவன் அப்பாகிட்டயே சந்திச்சிடுவான், பெரியப்பா பையன் தாத்தாகிட்டதான் சந்திப்பான், மூஞ்சி யாரு ஜாடைங்கிறது இந்தக் கணக்குலயே வராது. முதலையும் கோழியும் சந்திக்குற நோட் சுமார் 25 கோடி வருஷம் பழசு, அந்தக் கூட்டத்துக்கு ஆர்கோசார்னு பேரு, டைனோசர் எல்லாம் அதுக்குள்ளதான். ஓணான் வந்து சேர்றது இன்னும் கீழ, அதை விட பழைய நோட்ல. அதனால இன்னைக்கு உயிரோட இருக்குறதுல முதலைகளும் பறவைகளும் ஒண்ணுக்கொண்ணு சிஸ்டர் குரூப், அதாவது ஒரே நோட்ல இருந்து பிரிஞ்ச நெருங்கின ஜோடி. இதுக்காக முதலையில இருந்து கோழி வந்துச்சுன்னு யாராவது சொன்னா அது தப்பு, ரெண்டும் இன்னைக்கு நுனியிலதான் இருக்கு.

சரி, அப்போ நம்ம கண்ணு ஏன் ஏமாறுது? நாலு கால் நடை, பல், நீள வால் இதெல்லாம் ரொம்ப அடியில இருந்தே வர்ற பழைய குணம். முதலையும் ஓணானும் அதை வெச்சுக்கிச்சு, பறவை வழியில போனது தொலைச்சிடுச்சு. 1861ல ஜெர்மனியில கெடச்ச ஆர்க்கியோப்டெரிக்ஸ்ங்கிற ஆதிப் பறவையோட புதைபடிவத்துல இறகும் இருக்கு பல்லும் இருக்கு, பின்னாடி நீளமா எலும்பு வாலும் இருக்கு. பழைய குணம் பொதுவா இருக்குறதை வெச்சு யாரு நெருக்கம்னு முடிவு பண்ண முடியாது, குறிப்பிட்ட ஒரு மூதாதைகிட்ட புதுசா வந்து அதோட வாரிசுக்கு மட்டும் போன குணம்தான் சாட்சி, அதுக்கு சினாப்போமார்ஃபின்னு ஒரு வாய்க்குள்ள நுழையாத பேரு. இதை அழுத்திச் சொன்னவர் வில்லி ஹென்னிக், ஈ கொசு ஆராய்ச்சி பண்ண ஜெர்மன்காரர், 1950ல புத்தகமா போட்டார். உதாரணத்துக்கு முதலைக்கும் பறவைக்கும் நாலு அறை இதயம், ஓணானுக்கு மூணு அறை. உடனே நமக்கும் நாலு அறைதானேன்னு கேப்பீங்க, கரெக்ட், ஆனா பாலூட்டி லைன்ல அது தனியா உருவானது, இந்த மாதிரி தனித்தனியா வந்து ஒத்துப்போறதுதான் ஹோமோப்ளாசி. அதனாலதான் ஒரே ஒரு குணத்தை நம்பாம எலும்பு டிஎன்ஏ எல்லாத்தையும் சேத்துப் பாப்பாங்க.

மரத்தை ஒரே ஒரு இடத்துல வெட்டினா கையோட வர்ற மொத்தக் கொத்து கிளேட், மூதாதையும் அதோட அத்தனை வாரிசும் உள்ள இருக்கணும். ஸ்கூல்ல படிச்ச 'ஊர்வன' இதுல ஃபெயில், ஏன்னா முதலையை உள்ள வெச்சுட்டு பறவையை வெளிய தள்ளிட்டோம், இப்படி வாரிசுல சிலதை விட்டுட்ட கூட்டம் பாராஃபைலெட்டிக். பாம்பு இல்லாத பல்லி கூட்டமும் அப்படித்தான், பாம்பு பல்லிகளுக்கு உள்ள இருந்து வந்த ஒரு கிளை. வெப்ப ரத்தம்னு பறவையையும் பாலூட்டியையும் மட்டும் ஒரே கூடையில போட்டா அது பாலிஃபைலெட்டிக், அதாவது பொது மூதாதையை விட்டுட்டு தனித்தனி கிளைகளை ஒண்ணா சேத்தது, அது இன்னும் மோசம்.

எனக்கு எரிச்சல் வர்ற விஷயம் ஒண்ணு இருக்கு, சார்ட்ல மனுஷனை எப்பவும் மேல் ஓரத்துல கொண்டு போய் வெக்கிறது. எந்த நோட்டையும் அப்படியே திருப்பிப் போடலாம், சொந்தம் மாறாது, மனுஷனை நடுவுல போட்டு ஓரத்துல எலியை வெச்சாலும் அதே மரம்தான். நுனிகளோட வரிசைக்கு அர்த்தமே இல்ல. கிளை நீளத்துக்கும் பல படத்துல அர்த்தம் இல்ல, ஸ்கேல் போட்டிருந்தா மட்டும் பாருங்க.

ஒரு நோட்ல இருந்து மூணு நாலு கிளை ஒண்ணா கிளம்பினா அது பாலிட்டமி, பெரும்பாலும் எது முதல்ல பிரிஞ்சதுன்னு டேட்டா பத்தலன்னு அர்த்தம். ஆமை ரொம்ப நாள் இப்படித்தான் எங்க வெக்கிறதுன்னு தெரியாம இழுபறியா இருந்துச்சு, மண்டையோட்டைப் பாத்தவங்க ஒண்ணு சொன்னாங்க, ஜீன் பாத்தவங்க வேற சொன்னாங்க. இப்போ ஜீனோம் டேட்டா அதை முதலை, பறவை கூட்டத்துக்குப் பக்கத்துல கொண்டு வந்து வெச்சிருக்கு, ஓணான் இன்னும் தள்ளிதான் நிக்குது.