படுத்த கோடே இல்லாம ஒரு ஃபான்ட்

போன மாசம் ஃபுல்லா ஒரு ஃபான்ட் வேலைதான். பாக்க ரூன் எழுத்து (வட ஐரோப்பாவோட பழங்கால எழுத்து) மாதிரி, படிச்சா சாதா இங்கிலீஷ் கேப்பிட்டல் லெட்டர், ப்ரஷ் பேனாவுல கையால எழுதி ஸ்கேன் பண்ணின கரடுமுரடு, அவ்ளோதான் ஐடியா. மொத்தம் 26 எழுத்து, ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்னு உட்கார்ந்தேன், ஹூம்.

ரூன்ல வளைவு கம்மி, படுத்த கோடு கிடையாதுன்னே சொல்லலாம். ஸ்காண்டிநேவியா பக்கம் அந்த காலத்துல மரத்துல கத்தியால கீறுவாங்க, மரத்தோட நார் ஓடுற பக்கமே கோடு போட்டா நாரோட நாரா மறைஞ்சிடும், அதனால எல்லாமே நேர் குச்சி, சாய்வு குச்சி. நம்ம ஓலையிலயும் இதே நார் தொல்லைதான், நம்மாளுங்க வளைச்சு எழுதி தப்பிச்சாங்க, அவங்க சாய்ச்சு தப்பிச்சாங்க.

எனக்கு ஆப்பு வச்சது ஹெச் (H). நடு கோட்ட சாய்ச்சதும் அது 'N' ஆயிடுச்சு. 'ஹில்'னு டைப் பண்ணா 'நில்'னு நிக்குது. பழைய 24 எழுத்து ரூன்ல ஹெச்சுக்கு சாய்வு கோடுதான், ஆனா அவங்களோட 'N' ஒத்த குச்சியில குறுக்க ஒரு வெட்டு, அதனால குழப்பமே இல்ல. கடைசில கோட்ட எதிர்ப்பக்கம், வலது பக்கம் ஏறுற மாதிரி, லேசா சாய்ச்சேன். கொஞ்சம் ஓவரா போனா ரஷ்ய எழுத்தாயிடும்.

அடுத்தது எஸ். மின்னல் மாதிரி சூப்பரா வந்துச்சு, ரெண்டு எஸ் வர்ற 'பாஸ்'னு அடிச்சு பாத்தப்போ தூக்கிவாரிப் போட்டுச்சு, ரெண்டு மின்னல் பக்கத்துல பக்கத்துல, அப்படியே ஹிட்லரோட எஸ்எஸ் படை சின்னம்! ஜெர்மனில அத பொதுவுல காட்டினாலே கேஸ். எஸ்ஸ நாலு கீறலா ஒடிச்சேன் (பழைய கல்வெட்டுலயும் அப்படி உண்டு), ரெண்டு எஸ் சேர்ந்து வந்தா ரெண்டாவது தானா வேற ஷேப்புக்கு மாறுற மாதிரியும் செட் பண்ணிட்டேன்.

தலைப்புக்கு, போர்டு கேம் பாக்ஸுக்கு, போஸ்டருக்கு மட்டும் போடுங்க, ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல வேணாம், பாராவா அடிச்சா சுள்ளிக்கட்டு சரிஞ்ச மாதிரி இருக்கும். இதுல டாட்டூ போட்டுக்கவான்னு ஒரு தம்பி கேட்டான். நெஜ ரூன் வேணும்னா அது யூனிகோட்லயே (எல்லா மொழி எழுத்துக்கும் கம்ப்யூட்டர்ல பொதுவான நம்பர் குடுக்குற பட்டியல்) 1999லேர்ந்து இருக்கு, ஆனா உருவத்த பாத்து எடுக்காதப்பா, 'M' மாதிரி இருக்குறது அங்க 'எ', 'P' மாதிரி இருக்குறது 'வ'ன்னேன். பேர் பிரேம்னா என்ன பண்றதுன்னு இன்னும் யோசிச்சிட்டு இருக்கான்.