வெட்டும் முன் வரைபடத்தை அளந்து பாருங்கள்

நீராவி இன்ஜின் மாதிரி செய்யும் நண்பர்கள் பலர், அளவு வரைபடம் ஒன்று கிடைத்தவுடனேயே தகட்டை வெட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அதைச் சோதிக்காமல் வெட்ட வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இன்ஜினைக் கட்டிய தொழிற்சாலையின் மூல வரைபடமே முதல்தரமான ஆதாரம். எனினும் அது திட்டமிட்ட வடிவத்தைத்தான் காட்டும். பின்னாளில் பணிமனையில் செய்த மாற்றங்களை அதில் எதிர்பார்க்க முடியாது. 1923இல் வெளிவந்த ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்’ என்ற பிரிட்டிஷ் நீராவி இன்ஜின் 1947இல் ஏ3 வகையாக மாற்றியமைக்கப்பட்டு, 1959இல் இரட்டைப் புகைபோக்கியும், 1961இல் முகப்பின் இருபுறமும் புகை விலக்குத் தகடுகளும் பெற்றது. ஆகவே எந்த ஆண்டின் தோற்றம் வேண்டும் என்று முடிவுசெய்து, அந்தக் காலத்துப் புகைப்படத்தை வரைபடத்தின் அருகில் வைத்து ஒப்பிடுவதே, என் கருத்தில், மிக முக்கியமான வேலை.

அடுத்தது தாள். நகலெடுத்த தாள் நீளவாட்டிலும் உயரவாட்டிலும் ஒரே விகிதத்தில் சுருங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதே இன்ஜினின் இயங்கு சக்கரம் 2032 மி.மீ. விட்டம் கொண்டது, 1:76.2 அளவு வரைபடத்தில் அது 26.67 மி.மீ. ஆக வேண்டும். வரைபடத்திலுள்ள அந்த வட்டத்தைக் குறுக்காகவும் நெடுக்காகவும் காலிப்பரால் (நுண்ணளவுக் கருவியால்) அளந்தால், தாள் எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். நீளத்தில் சேரும் சிறு பிழையைக் கண்டுபிடிக்க சக்கர அச்சுகளின் இடைவெளியையும் அளந்து பார்க்க வேண்டும். கோட்டின் அளவும் அருகில் எழுதிய எண்ணும் முரண்பட்டால், எண்ணையே நம்புங்கள்.