அம்பாசடருக்கு ஐந்து கியர்: இன்புட் ஷாஃப்ட் நாட்குறிப்பு

22.9.2025

பழைய அம்பாசடர், 1489 சிசி இன்ஜின். பின்னால் ஏறப்போவது இசுசு ஐந்து கியர் பெட்டி, இரண்டையும் இணைக்க இடையில் 12 மி.மீ. இரும்புத் தகடு. கிளட்ச் இல்லாமல் கோத்துப் பார்த்தோம். பெட்டியின் இன்புட் ஷாஃப்ட் (இன்ஜின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுபோகும் தண்டு) மூக்கு, இன்ஜின் கிராங்க் தண்டின் பின்முனைத் துளையின் அடியில் முட்டுகிறது; பெட்டியின் ஹவுசிங்குக்கும் (வெளிக்கூடு) தகட்டுக்கும் நடுவே 6 மி.மீ. சந்து. போல்ட் போட்டு இழுத்தால் சேர்ந்துவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஷாஃப்ட் கிராங்கை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும்; கிராங்கின் முன்பின் நகர்வைத் தாங்கும் த்ரஸ்ட் வாஷர் தேயும், பெட்டியின் முன் பேரிங் இரைய ஆரம்பிக்கும். முட்டாமல் இருக்க 3 மி.மீ. வெளி விட வேண்டும். ஆக, வெட்ட வேண்டியது 9 மி.மீ.

கிளட்ச் பிளேட்டின் நடுத்துளை ஷாஃப்ட் ஸ்பிளைனுக்கு (நீளவாக்கில் உள்ள பல்வரிசை) பொருந்த வேண்டும், வெளிவிட்டம் பிரஷர் பிளேட்டுக்குப் பொருந்த வேண்டும். ஷாஃப்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வாங்குவதே நல்லது.

24.9.2025

புதூர் சிட்கோவில் ஒரு லேத் பட்டறை. "அண்ணே, இதுல டூல் பாயாது, கல்லுதான்" என்றார் டர்னர். சரிதான், மேல்தோல் கெட்டிப்படுத்தியது. 1 மி.மீ. கட்டிங் டிஸ்க், ஸ்பிளைன் மேல் ஈரத்துணி, பத்து விநாடி வெட்டு, பிறகு ஓய்வு. நிறம் வைக்கோல் மஞ்சளைத் தாண்டி நீலத்துக்குப் போனால் சூடு 290 டிகிரியைத் தொட்டுவிட்டது, அந்த இடம் இளகிவிட்டது என்று பொருள். வெட்டிய முகத்தில் அரம் வைத்தோம்: விளிம்பில் வழுக்குகிறது, நடுவில் கடிக்கிறது.

லேத்தில் மையம் பிடிக்க நுனியில் இருந்த பழைய சென்டர் குழி வெட்டில் போய்விட்டது. பேரிங் உட்காரும் இடத்தை நாலு தாடை சக்கில் பிடித்து, டயல் கேஜில் 0.01 மி.மீ. வரை நேராக்கி, நடுவில் கார்பைடு டிரில்லால் புதுக்குழி. நுனிக்குச் சாணைக்கல்லால் 2 மி.மீ. சரிவு, இல்லாவிட்டால் பெட்டியை ஏற்றும்போது, கிராங்க் துளையில் மூக்கைத் தாங்கும் புஷ்ஷின் வாய் சிதையும்.

26.9.2025

மூக்கின் விட்டத்தைத் தொடவில்லை. புஷ்ஷைத்தான் அதற்கேற்பக் கடைய வேண்டும். புஷ் போனால் இன்னொன்று போடலாம், ஷாஃப்ட் போனால் பெட்டியே போச்சு. பாஸ்பர் பிரான்ஸ், வெளியே 0.02 மி.மீ. இறுக்கம். அடித்து உட்கார வைத்ததும் உள்துளை சுருங்கும். அதனால் உட்கார்ந்த பிறகு அளந்து, துளையை நுணுக்கமாக விரிக்கும் ரீமர் விட்டு, 0.05 மி.மீ. தளர்வு வைத்தோம்.

29.9.2025

இன்றைய நாள் முழுக்கத் தகட்டுக்கே. பிளைவீலில் டயல் கேஜை நிறுத்தி, தகட்டின் நடுத்துளையைச் சுற்றிப் படித்தால் 0.42 மி.மீ. முள் மொத்தமாக 0.13-க்கு மேல் ஆடக்கூடாது. போல்ட் துளையில் தளர்வு உண்டு, போல்ட்டை நம்பி மையம் பிடிக்க முடியாது. மரச்சுத்தியால் தட்டித் தட்டி 0.08-க்குக் கொண்டுவந்து, அந்த நிலையிலேயே துளையிட்டு தகடு இடம் மாறாமல் பிடிக்க 10 மி.மீ. டவல் பின் இரண்டு அடித்தாயிற்று.

30.9.2025

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். துளையின் அடியில் களிமண் உருண்டை வைத்துக் கோத்து, கழற்றி, அளந்தோம்: 3 மி.மீ. களிமண்ணைத் துடைத்துவிட்டு கிளட்ச் போட்டு ஏற்றினோம். நியூட்ரலில் வைத்து, ஒவ்வொரு சுற்று இறுக்கும்போதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்தோம். கடைசி போல்ட் வரை ஒரே கனம்.