படிக்கட்டாக இறங்கிய பிரேக்

கணினியில் ஓட்டும் கார் பந்தய விளையாட்டில், இத்தாலியின் மோன்ஸா தடத்தில், ஒரு சுற்றுக்கு 1:49.6! மூன்று மாதமாக 1:51க்குக் கீழே இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த லேப் நேரம். நல்ல கைகள் 1:47 ஓட்டுகிற இடம் அது, தெரியும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆனால் இந்த ஒன்றரை நொடி என் ஓட்டம் மேம்பட்டதால் வந்ததல்ல. பிரேக் பெடலோடு இணைந்த ஒரு சிப்பின் ஒரே ஒரு காலை (பின்னை) தூக்கி வைத்தேன், அவ்வளவுதான்.

விளையாட்டு அசெட்டோ கோர்சா காம்பெட்டிஸியோனே, கார் போர்ஷே 911 ஜிடி3 ஆர். பெடலில் நகர்ந்த தூரத்தை அளக்கும் பழைய பொட்டென்ஷியோமீட்டரைக் கழற்றிவிட்டு, மிதிக்கும் பலத்தை அளக்கும் லோட் செல் வைத்த கதை ஏற்கெனவே முடிந்தது. லோட் செல்லின் சிக்னலை எண்ணாக மாற்ற எச்எக்ஸ்711 சிப் உள்ள போர்டு, அதைக் கணினிக்கு அனுப்ப ஆர்டுயினோ லியோனார்டோ, எல்லோரும் செய்வதுதான். மிதித்தால் மிதித்த பலத்துக்கு எண் ஏறியது. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் முதல் சிக்கேனில் (வேகத்தைக் குறைக்க வைக்கும் அடுத்தடுத்த வளைவுகளில்) மட்டும் கார் என் பேச்சைக் கேட்கவே இல்லை. 250க்கு மேல் வந்து பிரேக்கில் ஏறி நிற்பது சுலபம், ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும். அதற்கப்புறம் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டுமே, அங்கேதான் தகராறு. இந்தக் காருக்கு இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது; முன் சக்கரத்தில் பாரம் நிற்பதே பிரேக்கின் தயவில்தான். காலைச் சட்டென்று எடுத்தால் மூக்கு திரும்பாது, கூடுதலாக வைத்திருந்தால் வால் சுற்றிக்கொண்டு முன்னே வரும். எனக்கு ஒரு லேப்பில் இது, அடுத்த லேப்பில் அது. கால் சரியில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிரேக் காமாவை (மிதிக்கும் அளவுக்கு பிரேக் எப்படி ஏறும் என்ற அமைப்பை) மாற்றினேன், பிரேக் பயாஸை (முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக் பிரியும் விகிதத்தை) மாற்றினேன், டயர் அழுத்தத்தைக் கூட விடவில்லை.

கடைசியில் ஓட்டத்தின் தரவை வரைபடமாகக் காட்டும் மோட்டெக் பதிவைத் திறந்து பிரேக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. சரிவாக இறங்க வேண்டிய கோடு படிக்கட்டாக இறங்கியிருந்தது. ஒவ்வொரு படியும் சரியாக 0.1 நொடி அகலம்.

எச்எக்ஸ்711 நொடிக்கு 10 அளவீடோ 80 அளவீடோ தரும். எதைத் தர வேண்டும் என்பதை சிப்பின் 15ஆம் கால் முடிவு செய்கிறது. தரையோடு (மின்சுற்றின் கிரவுண்டோடு) இணைந்திருந்தால் 10, மின்சாரம் கொடுத்தால் 80. எடை போடும் தராசுக்கு 10 தாராளம். ஆனால் 250 கிலோமீட்டர் வேகத்தில் 0.1 நொடிக்குள் கார் ஏழு மீட்டர் போய்விடுகிறது! நான் காலை எடுத்தது காருக்குத் தெரியவே ஏழு மீட்டர். 80 என்றால் ஒரு மீட்டர் கூட இல்லை.

விற்பனைப் பக்கத்தில் '80' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வந்த போர்டில் 15ஆம் கால் தரையில் அழகாக ஒட்டிக்கொண்டிருந்தது. வாங்குகிறவர்கள் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம்.

நல்லவேளையாக 16ஆம் கால்தான் மின்சாரக் கால், பக்கத்திலேயே இருக்கிறது. 15ஐத் தூக்கி 16ஓடு ஒரு சொட்டு ஈயத்தில் சேர்த்துவிட்டால் போதும். சொல்வதற்கு ஒரு வரி. செய்யும்போது முதல் போர்டின் கால் ஒடிந்து என் விரலில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவதில் அவசரப்படாமல் முதலில் ஈயத்தைச் சூடாக்கி, தையல் ஊசியை அடியில் நுழைத்து நெம்பினேன். இடுக்கியால் இழுக்காதீர்கள், ஒடியும்.

80க்குப் போனதும் எண் நடுங்க ஆரம்பித்தது. எட்டு அளவீட்டுக்குச் சராசரி போட்டேன். நடுக்கம் போனது, கூடவே தாமதமும் திரும்பி வந்தது. எட்டு எண்ணைச் சேர்த்தால் மறுபடியும் அதே 0.1 நொடிதானே! இப்போது மூன்றுக்கு மட்டும் சராசரி. காலை வைக்காதபோது லேசாக நடுங்குகிறது, அடியில் 2 சதவீதம் டெட்ஸோன் (அதற்குக் கீழான அளவைக் கண்டுகொள்ளாத பகுதி) போட்டு மறைத்துவிட்டேன்.

பிரேக் சரியானதும் நாற்காலி பின்னால் ஓட ஆரம்பித்தது, அது வேறு கதை. பலமாக மிதிக்கிறேன் என்பதற்குச் சான்றாக வைத்துக்கொள்ளலாம். தற்போதைக்கு நாற்காலிக் காலையும் பெடல் பலகையையும் ஒரு பெல்ட்டால் கட்டியிருக்கிறேன். பெடலுக்கும் லோட் செல்லுக்கும் நடுவே இருக்கும் ரப்பரும் மெத்தென்று இருக்கிறது. ஸ்கேட்போர்டில் போடும் ரப்பர் போன்ற புஷ் இரண்டு கடினத்தில் சொல்லியிருக்கிறேன், வந்ததும் மாற்ற வேண்டும். ஆக்ஸிலரேட்டருக்கு, காந்தத்தை வைத்து நகர்வை அளக்கும் ஹால் சென்சார் போடும் ஆசையும் இருக்கிறது. பிரேக் வயர்களோ இன்னும் டேப்பில்தான் தொங்குகின்றன.

மோன்ஸாவின் இரண்டாவது லெஸ்மோ வளைவில் மட்டும் இன்னும் மண்ணுக்குள் போகிறேன். அங்கே பிரேக் கோடு வழவழவென்றுதான் இருக்கிறது. இந்த முறை என் கால்தான் காரணம் போலிருக்கிறது.