மார்லின் 336, வீவர் கே2.5, ரெண்டு துண்டு கோக் டப்பா

பழைய துப்பாக்கியில் பழைய ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) மாட்டி நேர்செய்கிற வேலை, நாலு வாரமாக என் சனிக்கிழமைகளைத் தின்றுகொண்டிருந்தது, நேற்று ஒரு வழிக்கு வந்தது. 100 கஜத்தில் மூன்று குண்டும் இரண்டு அங்குலத்துக்குள். 1957-இல் செய்த துப்பாக்கி, ஏறக்குறைய அதே வயதுள்ள ஸ்கோப், கடையில் கிடைக்கும் சாதாரண 170 கிரெய்ன் (குண்டின் எடை) தோட்டா. இதற்கு மேல் என்ன வேண்டும்? பக்கத்து மேசையில் ஆளுயர ஸ்கோப்போடு உட்கார்ந்திருந்தவர் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிக்கொண்டார். அதுவே எனக்குப் பட்டயம்.

துப்பாக்கி மார்லின் 336, அடியில் உள்ள லீவரை ஆட்டித் தோட்டா ஏற்றும் வகை, தர்ட்டி-தர்ட்டி தோட்டா. சீரியல் எண்ணுக்கு முன்னால் 'பி' எழுத்து இருக்கிறது, அதை வைத்துத்தான் 1957 என்கிறேன். நியூ ஹேவன் ஆலையில் செய்தது. இதே வகையான வின்செஸ்டர் 94 ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: பழைய 94 காலித் தோட்டாவை நேராக மேலே துப்பும். ஸ்கோப்பை நடுவில் வைத்தால் பித்தளை அதில் முட்டும். இடப்பக்கம் தள்ளி மாட்டினால் பார்வைக் கோடும் குண்டின் பாதையும் ஒரே ஒரு தூரத்தில்தான் சந்திக்கும். அதோடு கன்னத்தைக் கட்டையில் (தோளில் வைக்கும் மரப்பகுதியில்) வைக்கவே முடியாது. 1980-களில் சாய்வாகத் துப்பும் 94 வந்தது, ஆனால் அது எனக்குப் பிடித்த 94 இல்லை. மார்லினுக்கு மேல் மூடி கெட்டி, துப்புவது பக்கவாட்டில். பேச்சு முடிந்தது.

ஸ்கோப் எல் பாசோ வீவர் கே2.5. டெக்சாஸில் அந்த ஆலை 1984-இல் மூடப்பட்டது. அதற்கு முன் வந்ததெல்லாம் இரும்புக் குழாய், கையில் எடுத்தாலே கனம் தெரியும். அதே வீவரின் கே4-இன் முன்பக்கம் மணி மாதிரி விரியும். கே2.5 அப்படியில்லை, முன்னால் கடைசி வரை ஒரே சீராக ஒரு அங்குலக் குழாய். அதனால் குழலை ஒட்டித் தாழ்வாக உட்காரும். மார்லினின் கட்டை, இரும்பு சைட்டைப் பார்ப்பதற்காகச் செதுக்கியது. ஸ்கோப் கால் அங்குலம் உயர்ந்தாலும் தாடையைத்தான் கட்டையில் வைக்க வேண்டியிருக்கும். லீவர்காரர்கள் இந்த ஸ்கோப்பைத் தேடி அலைவது இதற்காகத்தான். ஏல தளத்தில் 85 டாலர். "கண்ணாடி படு சுத்தம்" என்று எழுதியிருந்தார் விற்றவர். வந்ததைப் பார்த்தால் மார்கழிப் பனி. கண் வைக்கும் பக்கம் வெளியே இருந்த அழுக்கு துடைத்ததும் போய்விட்டது, உள்ளே மெல்லிய மங்கல் ஒன்று மட்டும் மிச்சம். பரவாயில்லை என்று அப்போது விட்டேன். அதைப் பற்றிக் கடைசியில் அழுகிறேன்.

இனி என் உயிரை எடுத்த விஷயம். இன்றைய ஸ்கோப்பில் குறி சரிசெய்யும் திருகை எவ்வளவு திருகினாலும் குறுக்குக் கம்பி வட்டத்தின் நடுவிலேயே இருக்கும். பழையதில் அப்படி இல்லை, திருகினால் கம்பியே நகரும். முதல் நாள் வீவர் பேஸ் (துப்பாக்கி மேல் திருகும் அடித்தட்டு), வீவர் ரிங் (ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம்) போட்டு 50 கஜத்தில் சரிசெய்து முடித்தபோது, கம்பி கீழே இடது மூலையில் போய் ஒண்டிக்கொண்டிருந்தது. குண்டு கரும்புள்ளியில்தான் விழுகிறது, ஆனால் கண்ணுக்குச் சகிக்கவில்லை. சாப்பாட்டு இலையை மூலையில் போட்ட மாதிரி. துப்பாக்கியைச் சடாரென்று தோளுக்கு ஏற்றினால் கண் வட்டத்தின் நடுவைத் தேடும், கம்பி அங்கே இருக்காது. மான் வேட்டையில் அந்த அரை நொடிதான் முக்கியம்.

"கம்பி எங்கே இருந்தால் என்ன, குண்டு விழுந்தால் போதாதா" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை, அவர்கள் துப்பாக்கியை நான் வாங்கவும் மாட்டேன்.

கழற்றி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஷூ பெட்டியின் இரண்டு பக்கமும் 'வி' வடிவில் வெட்டி, ஸ்கோப்பைக் கிடத்தி, எதிர்வீட்டு மின்கம்பத்தில் உள்ள ஒரு போல்ட்டைப் பார்த்துக்கொண்டே குழாயை உருட்ட வேண்டும். கம்பி நடுவில் இல்லையென்றால் போல்ட்டைச் சுற்றி வட்டம் போடும். மேல்-கீழ் வித்தியாசத்தில் பாதி திருகு, இட-வலத்தில் பாதி திருகு, மறுபடி உருட்டு. அட்டைப்பெட்டி நசுங்கி ஒவ்வொரு தடவையும் வேறு கதை சொன்னது. கடைசியில் மரத்துண்டில் வெட்டிக்கொண்டேன், இருபது நிமிடத்தில் முடிந்தது. முதலிலேயே மரத்தில் செய்திருக்கலாம். இந்தத் திருகில் டிக் டிக் என்று சத்தம் வராது, காசு நுழைகிற பிளவு மட்டும்தான். திருகிய பிறகு ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் செல்லமாக இரண்டு தட்டு தட்ட வேண்டும். இல்லையென்றால் முதல் குண்டு வெடிக்கிற அதிர்ச்சியில்தான் அது நகரும், இரண்டாவது குண்டு எங்கோ போய்விட்டது என்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்வோம்.

கம்பி நடுவில் நின்றாயிற்று. அதை அப்படியே துப்பாக்கியில் மாட்டிச் சுட்டால், 100 கஜக் கணக்கில் எட்டு அங்குலம் கீழே, ஆறு அங்குலம் இடது. இந்த வித்தியாசம் முழுவதையும் பேஸில்தான் சரிக்கட்ட வேண்டும். திருகைத் தொட்டால் கம்பி மறுபடி மூலைக்குப் போய்விடும்.

உயரத்துக்குத் தகடு. கணக்கு சுலபம்: 100 கஜம் என்பது 3600 அங்குலம். பேஸின் முன் தாங்கலுக்கும் பின் தாங்கலுக்கும் நாலு அங்குலம் என்று வைத்துக்கொண்டால், பின்னால் ஒரு தௌ உயர்த்தினால் அங்கே 0.9 அங்குலம் குண்டு மேலேறும். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்பாவின் கணபதி லேத் பட்டறையில் பத்து வயதிலேயே காதில் விழுந்த சொல், இன்றைக்கு வரை அதைவிட நல்ல அளவு எனக்குக் கிடைக்கவில்லை. எட்டு அங்குலத்துக்கு ஒன்பது தௌ வேண்டும். கோக் டப்பாத் தகடு என் கேலிப்பரில் நாலு தௌ காட்டியது. இரண்டு துண்டு வெட்டி, ஓட்டை போட்டு, ஓரத்துப் பிசிறை எண்ணெய்க் கல்லில் தேய்த்து, பின்பக்கம் வைத்தேன். மிச்சம் இருந்த ஒரு அங்குலத்தை மட்டும் திருகில் எடுத்தேன், கண்ணுக்கே தெரியவில்லை. ஒரே நீளப் பேஸின் ஒரு முனையில் மட்டும் தகடு வைத்து முறுக்கினால் பேஸ் வளையும் என்பதால், நடுவில் இருந்த இடைவெளிக்கு எபாக்ஸி பசை கொஞ்சம் பூசி, கையால் மட்டும் திருகை ஏற்றி, இரவு முழுக்க விட்டேன். பேஸ் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதன் அடியில் மெழுகு தடவ மறந்துவிடாதீர்கள். நான் மறக்கவில்லை, ஆனால் மறந்த ஒருவரின் துப்பாக்கியைப் பார்த்திருக்கிறேன். திருகு வாங்கும்போதும் கவனம், மார்லின் மேல்பக்கம் 8-40 அளவுத் திருகு. வழக்கமான 6-48 அளவு உள்ளே போய் லொடலொடவென்று ஆடும், பிடிக்கிற மாதிரி ஏமாற்றும்.

இடது-வலதுக்கு வீவர் பேஸில் வழியே இல்லை. அதோடு வீவர் ரிங்கின் பழைய கோளாறு வேறு. பட்டையின் ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் இரண்டு திருகு. நேராக வைத்து இறுக்கினால் குழாய் திருகுப் பக்கம் உருண்டு குறுக்குக் கம்பி சாய்ந்துவிடும். எதிர்ப்பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்து இறுக்கினால் நேராக வந்து நிற்கும் என்பார்கள். நாலில் ஒரு தடவை நிற்கும். நான் பதினோரு தடவை முயன்றேன். எண்ணிக்கொண்டே இருந்தேன் என்பதிலிருந்தே என் மனநிலை புரிந்திருக்கும்.

ஆகவே ரெட்ஃபீல்ட் மாதிரி பேஸுக்கு மாறினேன். தகடு வேலையை அதன் அடியில் மறுபடி முதலிலிருந்து செய்தேன், ஒரு வாரம் போனது. இதில் முன் ரிங் பேஸுக்குள் நுழைந்து கால் சுற்று திரும்பிப் பூட்டிக்கொள்ளும். பின் ரிங்கை இரண்டு பக்கமும் இரண்டு பெரிய திருகு பிடித்திருக்கும். இடது திருகை உள்ளே தள்ளி வலதைத் தளர்த்தினால் ஸ்கோப்பின் வால் வலப்பக்கம் போகும், குண்டும் வலப்பக்கம் போகும். எங்கள் பக்கத்துக் கிழவர் ஒருவர், எழுபது வருடமாக மான் சுடுபவர், இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தத் திருகை ஏன் வைத்தார்கள் என்று நினைத்தாய், கம்பி நகர்கிற காலத்து ஸ்கோப்புக்குத்தானே என்றார். அந்தக் காலத்தில் உள்ளே திருகே இல்லாத ஸ்கோப்பெல்லாம் உண்டு. பாஷ் அண்ட் லோம்ப் பால்வாரில் சரிசெய்வது முழுக்க மவுண்டில் (பேஸும் ரிங்கும்) தான். புது ஸ்கோப் வந்த பிறகு அந்தத் திருகு வெறும் அலங்காரமாகிவிட்டது. எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை.

முன் ரிங்கைத் திருப்ப ஸ்கோப்பையே நெம்புகோலாகப் பிடிக்காதீர்கள். ஒரு அங்குல உருட்டுக்கட்டையை ரிங்கில் மாட்டி, அதை வைத்துத் திருப்பி, பிறகு கட்டையை எடுத்துவிட்டு ஸ்கோப்பை வையுங்கள். இரும்புக் குழாய்தான் என்றாலும், எழுபது வயதுக்காரனின் முதுகில் ஏறி மிதிக்கக் கூடாது.

குழல் வழியாகப் பார்த்து முதல் கட்டமாக நேர்செய்வது மார்லினில் சொகுசு. லீவர் திருகு ஒன்றைக் கழற்றினால் லீவர் வரும், போல்ட் (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பாகம்) வரும், பின்னாலிருந்தே குழலுக்குள் பார்க்கலாம். போல்ட் வரும்போது கூடவே காலித் தோட்டாவைத் தள்ளும் எஜெக்டரும் விழும். என்னுடையது துணி துவைக்கும் மெஷின் அடியில் போய், அதைத் தேட மெஷினை நகர்த்தி, ஹோஸ் கழன்று, தரையெல்லாம் தண்ணீர். அடுத்த தடவை துப்பாக்கிக்கு அடியில் பழைய துண்டை விரித்துக்கொண்டேன்.

ஹேமர் (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி) நீட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்கோப் மேலே வந்துவிட்டால் கட்டைவிரலுக்கு ஹேமரில் இடமில்லை, பக்கவாட்டில் ஒரு கொம்பு மாட்ட வேண்டும். என்னுடைய 336-இல் குறுக்குப் பொத்தான் பாதுகாப்பு கிடையாது, ஹேமரைப் பாதி ஏற்றத்தில் நிறுத்துவது மட்டும்தான். பனியில் மரத்துப்போன விரலால் ஹேமரை இறக்குகிறபோது கொம்பு ஆடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதன் சின்னத் திருகை வாரா வாரம் இறுக்குகிறேன்.

அடுத்து சாவேஜ் 99, அதுவும் லீவர் துப்பாக்கிதான். த்ரீ-ஹண்ட்ரட் சாவேஜ் தோட்டாவுக்கானது ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அதற்கு லைமன் அலாஸ்கன் ஸ்கோப் போட ஆசை. அதன் குழாய் எட்டில் ஏழு பங்கு அங்குலம், அந்த அளவில் ரிங் தேடுவது மாப்பிள்ளை தேடுவது மாதிரி. இருப்பதெல்லாம் ஒன்று விலை அதிகம், அல்லது எங்கோ ஒரு கீறல். துப்பாக்கிக் கண்காட்சிகளில் மேசைக்கு அடியில் இருக்கும் பழைய பிஸ்கட் டின்களைக் கிளறுங்கள், மேசை மேல் இருப்பதை நம்பாதீர்கள். போன மாதம் அப்படி ஒரு டின்னில் ஒற்றை ரிங் கிடைத்தது. ஜோடி இல்லை. இருந்தாலும் வாங்கிவிட்டேன்.

இனி அழுகை. நேற்று மைதானத்திலிருந்து வந்து துப்பாக்கியைக் குளிர்ந்த கராஜில் வைத்தேன். இன்று காலை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் உள்பக்கக் கண்ணாடியில் ஆவி. வெளியே இல்லை, துடைத்தால் போகிற ஆவி இல்லை. அந்த மெல்லிய மங்கலுக்கு அர்த்தம் இப்போதுதான் புரிகிறது: சீல் போயிருக்கிறது. அந்தக் காலத்துக் குழாய், சீல் என்று அதில் என்ன இருந்ததோ. பிந்தைய ஸ்கோப் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி எங்கே குமிழி வருகிறது என்று பார்க்கலாம். இதை முக்கினால் தண்ணீர்தான் உள்ளே போகும். பென்சில்வேனியாவில் துப்பாக்கியால் மான் சுடும் சீசன் நன்றிநவிலல் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. சூரியன் உதிக்க அரை மணி முன்னாலிருந்து சுடலாம். அந்த நேரத்துக் குளிரில் ஹெம்லாக் மரத்தடியில் இந்த ஸ்கோப்பைப் பார்த்தால் மானும் மாடும் ஒன்றாகத்தான் தெரியும்.

ரிப்பேருக்கு அனுப்பினால் சீசனுக்குள் வராது. திருகு மூடிகளைக் கழற்றி, கண் பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் தளர்த்தி, ஈரம் உறிஞ்சும் எதிலாவது ஒரு வாரம் வைக்கலாம் என்று முடிவு. முதலில் அரிசி டிரம்மில் வைத்தேன். "ஏங்க, பொன்னி அரிசிக்குள்ள துப்பாக்கி சாமானா?" என்று ஒரே சத்தம். இப்போது சிலிகா ஜெல் பையோடு ஊறுகாய் ஜாடியில் இருக்கிறது. துப்பாக்கியின் இடப்பக்கத் துளைகளில் ஓட்டைச் சைட்டை (சின்ன ஓட்டை வழியே குறிபார்ப்பது) திருகி வைத்துவிட்டேன். ஜாடியை வைத்து ஆறு மணி நேரம் ஆகிறது, அடியில் இருக்கும் நீல ஜெல் ஓரத்தில் லேசாக ரோஜா நிறத்துக்கு மாறியிருக்கிறது.